தொடங்கிக் கொடுக்கும் தொழில்

பள்ளிப் படிவங்களில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் என் மகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது 'இட்லி மாவு விற்பனை' என்று எழுதினோம். நான்காம் வகுப்பில் 'எண்ணெய்ச் செக்கு', ஏழாம் வகுப்பில் 'பாக்குமட்டைத் தட்டு உற்பத்தி' என்று எழுதினோம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன இந்த ஆண்டு அவள் என்னைக் கேட்காமலே 'சத்துமாவு' என்று எழுதிவிட்டு, "அடுத்த படிவம் வருவதற்குள் இதுவும் மாறிவிடும், இல்லையா அப்பா?" என்றாள். மாறிவிடும். வரும் தை மாதம் சத்துமாவுத் தொழிலையும் வேறொருவர் கையில் கொடுக்கப் போகிறேன்.

எங்கள் சொந்தத்தில் இதைக் குறித்துப் பேசும்போது தவறாமல் வந்துவிழும் பழமொழி ஒன்று உண்டு: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான். என் அம்மா பழமொழி சொல்வதில்லை. ஒவ்வொரு கடையின் திறப்பு விழாவிலும் தேங்காய் உடைக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து நின்று, "இதையாவது வெச்சுக்குவியா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்பார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் என்னிடம் இருக்கவில்லை. புதிதாக ஒன்றைத் தொடங்குவதில் எனக்கு இருக்கும் ஆசை, அதை வைத்து நடத்துவதில் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளவே முதல் தொழில் முழுவதும் எனக்குத் தேவைப்பட்டது. அந்த ஆசையை வைத்தே வீட்டுக்கு அரிசி வாங்க முடியும் என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின.

2011ஆம் ஆண்டு வரை கோவையில் ஒரு பம்புசெட் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கிருந்து விலகி, சிங்காநல்லூரில் பன்னிரண்டுக்குப் பதினாறு அடி அளவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, இரண்டு சாய்க்கும் கிரைண்டர்களை வைத்து மாவு அரைக்க ஆரம்பித்தேன். கோவையில் கிரைண்டர் வாங்குவதும், கெட்டுப்போனால் அன்றைக்கே சரிசெய்ய ஆள் கிடைப்பதும் ஊருக்கு உள்ள வசதி. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் மாவு என்பது இயந்திரத்தோடு முடிகிற விஷயம் அல்ல. சித்திரை வெயிலில் கல் சூடேறி, அரைக்கும்போதே மாவு புளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே உளுந்தை ஐஸ் தண்ணீரில் அரைக்க வேண்டும். மார்கழிக் குளிரில் அதே மாவு விடிய விடிய வைத்திருந்தாலும் பொங்காது. பொங்கிய மாவைப் பாக்கெட்டில் அடைத்தால் மளிகைக் கடையின் ஃபிரிட்ஜுக்குள்ளேயே கவர் ஊதிப்போகும். அதனால் பின்னிரவு இரண்டு மணிக்கு அரைத்து, புளிக்கும் முன்பே அடைத்து, ஐந்து மணிக்குக் கடைகளில் போட்டுவிட வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த முதல் பத்து மாதங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் அவ்வளவு மகிழ்ச்சியாக அதற்கு முன் இருந்ததும் இல்லை. நாற்பது கிலோவில் தொடங்கிய விற்பனை நூற்றிருபது கிலோவைத் தொட்டது.

அதற்குப் பிறகு கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அன்றாடம் அதே அரிசி, அதே உளுந்து, அதே முப்பத்திரண்டு கடைகள். என் மனம் கடைகளுக்கு மாவு போடும்போதே, பக்கத்து ஷட்டரில் என்ன வைத்தால் ஓடும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. இதில் வெட்கப்பட வேண்டிய பகுதி என்னவென்றால், சலிப்பு வந்தவுடன் நான் முதலில் கைவிட்டது பாக்கி வசூலைத்தான். புதிய கடையைப் பிடிக்க மழையிலும் போவேன். பழைய கடையில் எண்ணூறு ரூபாய் பாக்கியைக் கேட்க வெயிலில் போகமாட்டேன். இரண்டாம் ஆண்டின் முடிவில் வெளியில் நின்ற பணம் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. தொழில் கெடவில்லை, அதன் முதலாளிதான் கெட்டுக்கொண்டிருந்தான்.

2013ஆம் ஆண்டின் இறுதியில் தெரிந்த ஒருவரிடம், எழுத்து எதுவும் இல்லாமல், ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு வாய்ப்பேச்சாகக் கொடுத்துவிட்டு வந்தேன். கிரைண்டர், கடை அட்வான்ஸ், கடைகளின் பட்டியல், அச்சடித்து வைத்திருந்த கவர்கள் எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கவர்களில் என் பெயரில் எடுத்த உணவுப் பாதுகாப்புப் பதிவின் பதினான்கு இலக்க எண் அச்சாகியிருந்தது. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டி அன்றைக்கு எடுக்க முடிந்த சாதாரணப் பதிவுதான் அது. வாங்கியவர் தன் பெயரில் புதிதாக எடுக்கவில்லை. எடுத்தாரா என்று நானும் கேட்கவில்லை. ஏழு மாதங்கள் கழித்து, நான் வேறோர் இடத்தில் மறுபடியும் சம்பள வேலைக்குச் சேர்ந்திருந்த நேரத்தில், தயாரிப்புத் தேதி இல்லாத மாவுப் பாக்கெட் ஒன்றைக் காட்டி விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. அந்த மாவை நான் அரைக்கவில்லை என்று எழுத்தில் நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வாங்கியவரைக் குறை சொல்லி அப்போது நிறையப் பேசினேன். இப்போது யோசித்தால், தன் பெயர் போட்ட கவரை எடைக்குப் போடாமல் விட்டுவிட்டு வந்தவனை என்னவென்று சொல்வது?

இந்தப் பதிவும் உரிமமும் கடையோடு சேர்ந்து கைமாறுவதில்லை. எடுத்தவர் இறந்துபோனால் வாரிசு தொடர்ந்து நடத்த விதியில் இடம் இருக்கிறது. உயிரோடு இருந்துகொண்டு விற்றால், வாங்குபவர் தன் பெயரில் புதிதாக எடுத்தாக வேண்டும். தனிநபர் நிறுவனமாக இருந்தால் ஜிஎஸ்டி பதிவும் அப்படித்தான்; அது உரிமையாளரின் பான் எண்ணோடு பிணைந்தது. அப்படியானால் ஒரு சிறு தொழிலில் உண்மையிலேயே கைமாறக்கூடியது எது? இயந்திரம் மாறும். சரக்கு மாறும். கட்டடச் சொந்தக்காரர் சம்மதித்தால் வாடகை ஒப்பந்தம் மாறும். வணிகப் பெயரைப் பதிவுசெய்திருந்தால் அதையும் எழுதிக் கொடுக்கலாம். மீதமுள்ளது எல்லாம் தொடங்கியவனின் தலைக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்து வைக்காவிட்டால் வாங்குபவர் பழைய இரும்பைத்தான் வாங்குகிறார்.

இது புரிந்த பிறகுதான் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மரச்செக்கு போட்டேன். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் நான்கு லட்சம் கடன். வாகை மரத்தில் கடைந்த செக்கு. பதினைந்து கிலோ நிலக்கடலைப் பருப்பைப் போட்டால் ஆறரைக் கிலோ அளவுக்கு எண்ணெய் இறங்கும், மிச்சம் புண்ணாக்கு. புண்ணாக்கை மாட்டுக்கு வாங்கிப் போக ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்பதையும், அந்தப் பணம் கடை வாடகையைக் கட்டிவிடும் என்பதையும் தொழிலுக்கு வெளியில் இருப்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கடையைத் திறந்த நாளிலேயே இதை விற்கப் போகிறேன் என்று முடிவுசெய்து வைத்திருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தனி நடப்புக் கணக்கு, கடையின் பெயருக்கு வணிகச் சின்ன விண்ணப்பம், வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கைவைக்காமல் மாதம் ஒரு தொகை எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஆகியவற்றை முதல் வாரத்திலிருந்தே கடைப்பிடித்தேன். கூடவே இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று. எந்த மண்டி வியாபாரியிடம் எந்தப் பருவத்துப் பருப்பு நன்றாக இருக்கும், யாரிடம் எடையைச் சரிபார்த்தே வாங்க வேண்டும், எள் ஆட்டும்போது எந்தக் கட்டத்தில் கருப்பட்டியை உடைத்துப் போட வேண்டும், எண்ணெயை எத்தனை நாள் வெயிலில் வைத்தால் கசடு அடியில் தங்கும் என்று எல்லாவற்றையும் அதில் எழுதினேன். எழுத முடியாதவையும் இருந்தன. கடலை ஆடிக்கொண்டிருக்கும்போது செக்கின் முனகல் ஒரு கட்டத்தில் கனத்து இறங்கும். அப்போது ஒரு கை தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த ஓசையைத் தமிழில் எப்படி எழுதுவது என்று ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து யோசித்து, கடைசியில் 'பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மேட்டில் ஏறுவதுபோல் கேட்டால்' என்று எழுதினேன். வாங்கியவர் பிறகு ஒரு நாள், மற்ற எந்தப் பக்கத்தையும்விட அந்த வரிதான் தனக்கு உதவியது என்று சொன்னார்.

அவர் பஞ்சாலை ஒன்றில் இருந்து விருப்ப ஓய்வு பெற்று வந்தவர். நிதானமானவர். கடையில் எல்லாச் செலவும் கடன் வட்டியும் போக மாதம் 45,000 ரூபாய் நிற்கிறது என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். இயந்திரங்களின் அன்றைய மதிப்பு 3,20,000. அதோடு ஓர் ஆண்டு லாபம் 5,40,000. ஆக 8,60,000 என்பது நான் சொன்ன விலை. அவர் புத்தகத்தைப் பதினைந்து நிமிடம் புரட்டிவிட்டு, "தம்பி, இதில் உங்கள் சம்பளத்தை எங்கே கழித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். காலை ஐந்து மணி முதல் இரவு எட்டு மணி வரை நான் நின்ற வேலைக்கு ஓர் ஆள் வைத்தால் அன்றைக்கு 18,000 ரூபாய் கொடுக்க வேண்டும். அதைக் கழித்தால் நிற்பது 27,000 ரூபாய்தான். நான் லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு என் சொந்தக் கூலி. கடை 6,40,000க்கு முடிந்தது. சரக்கை நிறுத்துப் பார்த்துத் தனியாகப் பணம் கொடுத்தார். அந்த ஒரு கேள்விக்கு நான் இழந்த தொகை பெரிது என்றாலும், அதைப் போன்ற பாடத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. அதன் பிறகு எந்தக் கடையைத் தொடங்கினாலும் முதல் நாளிலிருந்தே என் பெயரை வேலையாட்கள் சம்பளப் பட்டியலில் எழுதிவிடுகிறேன்.

பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன் இன்னும் சில படிகள் இருந்தன. இயந்திரங்கள் கடனுக்காக வங்கியிடம் அடமானத்தில் இருந்ததால் முதலில் மீதிக் கடன் 1,90,000 ரூபாயை அடைத்துத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை மொத்தமாக மாற்றிக் கொடுத்தால் அந்த மாற்றத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதையும், கொள்முதலில் கட்டி இன்னும் கழித்துக்கொள்ளாத உள்ளீட்டு வரியை வாங்குபவருக்கு மாற்ற ஐடிசி-02 என்ற படிவம் இருக்கிறது என்பதையும் ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். துண்டு துண்டாக விற்றிருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது. அவர் தன் பெயரில் உரிமம் எடுத்து, என் எண் அச்சான லேபிள்களை இருவரும் சேர்ந்து கிழித்துப் போட்ட பிறகே சாவியைக் கொடுத்தேன்.

இவ்வளவு கற்றுக்கொண்டவன் அடுத்ததில் கொடிகட்டிப் பறந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை என்று தமிழ்நாடு அரசு 2018 ஜூன் மாதம் அறிவித்ததும், பாக்குமட்டைத் தட்டில்தான் எதிர்காலம் என்று முடிவுகட்டினேன். அதே அறிவிப்பை ஊரே படித்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மட்டை வாங்கி, ஊறவைத்துக் கழுவி, சூடான அச்சில் அழுத்தித் தட்டு எடுக்கும் வேலை சுலபமாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை வந்தபோது, நன்றாகக் காயாத தட்டுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தேன். கல்யாணச் சமையல்காரர் ஒருவருக்கு அனுப்பிய ஆறாயிரம் தட்டுகள், பந்திக்கு முந்தின நாள் மாலை, கட்டைப் பிரித்ததும் கறுப்புப் பூசணம் தெரிய அப்படியே திரும்பி வந்தன. கையில் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். துடைத்த இடத்தில் மட்டையின் நரம்போடு கறுப்பு ஒட்டிக்கொண்டு நின்றது. அது மழையின் குற்றமல்ல. உலர்த்தும் அறை போட வேண்டிய பணத்தில் நான்காவது அச்சு வாங்கியவனின் குற்றம். பிறகு 2020 மார்ச் மாத ஊரடங்கில் கல்யாணங்களே நின்றுபோயின. இயந்திரங்களைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்து, 2,75,000 ரூபாய் நஷ்டத்தோடு வெளியே வந்தேன். அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கோவையில் யாராவது பல தொழில்களில் கைவைத்தால் உடனே ஜி.டி. நாயுடுவை இழுத்து ஒப்பிட்டுவிடுவார்கள். என் நஷ்ட காலத்திலும் ஒரு நண்பர் ஆறுதலாக அந்தப் பெயரைச் சொன்னார். மோட்டார், சவரக் கத்தி, கணக்குப் போடும் கருவி, பப்பாளிச் செடி என்று அவர் தொடாத துறை இல்லை. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் 1937இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் செய்ததுதான் என்பார்கள். ஆனால் நண்பர் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டிய ஒற்றைப் பேருந்தில் தொடங்கியவர் அவர். பிறகு பெருகிய அந்தப் பேருந்துகள் அன்றாடம் காசு கொண்டுவந்ததால்தான் மற்ற சோதனைகளைத் தைரியமாகச் செய்ய முடிந்தது என்பது என் கணிப்பு. தினமும் கல்லாவை நிரப்பும் பேருந்து ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் எவரும் எதையும் தொடங்கிப் பார்க்கலாம். என் வீட்டில் அந்தப் பேருந்து என் மனைவியின் ஆசிரியர் சம்பளம். இதைச் சொல்லாமல் 'ஆசையையே தொழிலாக்கினேன்' என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஒரு கடையைக் கொடுத்து மற்றொன்று காலூன்றுவதற்குள் எட்டு மாதம், பத்து மாதம் வருமானமில்லாமல் போகும். அந்த மாதங்களில் மளிகைக் கணக்கை அவர்தான் அடைத்தார். ஒரு முறையும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை; எழுதி மட்டும் வைத்திருக்கிறார்.

அவர் எழுதி வைத்ததையும் நான் எழுதி வைத்ததையும் சேர்த்துச் சென்ற மாதம் ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தேன். 2011 முதல் இன்றுவரை தொழில்களில் இருந்து எடுத்த மாதச் சம்பளம், விற்றதில் நின்றது, நஷ்டம், இடையில் பிறருக்குக் கடை தொடங்கிக் கொடுத்து வாங்கிய கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், அந்தப் பம்புசெட் தொழிற்சாலையிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகைக்குச் சற்று மேலே வருகிறது. சற்றுத்தான். வருங்கால வைப்பு நிதியைச் சேர்த்தால் தராசு அந்தப் பக்கம் சாயக்கூடும். அந்தக் கூட்டலில் கட்டணம் என்ற வரி இப்போது வளர்ந்துவருகிறது. உரிமம், மின் இணைப்பு, மாவட்டத் தொழில் மையம், வங்கி, லேபிள் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் மலைத்து நிற்கும் முதல் ஆறு மாதத்தை நான் அவர்களுக்காக நடந்து கொடுக்கிறேன். எனக்குப் பிடித்த பகுதி மட்டும் எனக்கு, நடத்துவது அவர்களுக்கு. எதைத் தொடங்கலாம் என்று கேட்டு வருபவர்களை மட்டும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பாக்குமட்டை அனுபவத்துக்குப் பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் துணிவு எனக்கில்லை.

சத்துமாவுத் தொழிலை 2022இல் தொடங்கினேன். அடுத்த ஆண்டு ஐ.நா. அறிவித்த சிறுதானிய ஆண்டாக அமைந்ததில் கம்புக்கும் தினைக்கும் திடீர் மதிப்பு வந்தது. அது என் சாமர்த்தியம் அல்ல. முதல் நாளிலிருந்து வறுக்கும் வேலையில் இருக்கும் பெண்மணிதான் இப்போது வாங்குகிறார். முளைகட்டிய கேழ்வரகு வறுபடும்போது பச்சை வாசம் எந்த நொடியில் மாறுகிறது என்பது அவருடைய மூக்குக்குத் தெரியும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதலில் கூட்டாண்மைப் பத்திரம் எழுதி அவரை முப்பது சதவீதப் பங்குதாரர் ஆக்கினேன். மீதியை இருபத்து நான்கு மாதத் தவணையில், லாபத்திலிருந்தே கொடுப்பதாகப் பேச்சு. பெரிய வறுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்க, 35 சதவீத மானியம் தரும் மத்திய அரசின் குறு உணவு நிறுவனத் திட்டத்தில் அவரே விண்ணப்பம் தயாரித்திருக்கிறார். அதில் ஓர் எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை. திருத்த வேண்டியும் இருக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஒப்பந்த வாசகத்தைப் படித்துக் காட்டியபோது, எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும் என்றார். என்ன என்று கேட்டேன்.

"கை மாறினதுக்கு அப்புறம் மூணு மாசம் நீங்க கடைப்பக்கம் வரக் கூடாதுங்க அண்ணா. நீங்க நின்னீங்கன்னா ஆளுங்க உங்களைத்தான் பார்ப்பாங்க."

ஆடிட்டர் சிரித்தார். நான் பேனாவை வாங்கி, ஒன்பதாவது ஷரத்துக்குக் கீழே என் கையெழுத்திலேயே அதைப் பத்தாவதாக எழுதினேன்.